சுக்ஷ்பிட்ஸே: பனிச்சரிவு பெயர் வைத்த எல்லை மலை

செப்டம்பர் 9, கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன். விடாத மழை

மியூனிக்கிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயில் இங்கே வந்துவிடுகிறது. ஊர் கடல் மட்டத்திலிருந்து 708 மீட்டர். ஜெர்மனியின் மிக உயரமான மலையான சுக்ஷ்பிட்ஸே, 2,962 மீட்டர், ஸ்டேஷனுக்குத் தென்மேற்கே தெரிய வேண்டும். இன்று தெரியவில்லை. மேகம் வீட்டுக் கூரை வரை இறங்கிக் கிடக்கிறது. மலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பேக்கரிக் காகிதப் பையிலும் ஹோட்டல் சாவி வளையத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெர்மனில் 'சுக்' என்றால் ரயில், 'ஷ்பிட்ஸே' என்றால் உச்சி. மலைமேல் பல்சக்கர ரயில் ஏறுவதால் வந்த பெயர் என்று வருகிறவர்களில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரயில் ஓட ஆரம்பித்தது 1930 ஜூலையில். பெயர் எழுத்தில் கிடைப்பதோ 1590-இல். நடுவில் 340 வருஷம் கிடக்கிறது.

அந்த 1590 ஏடு மலையேறியவர் எழுதியதல்ல, எல்லை விவரம். வெர்டன்ஃபெல்ஸ் என்ற சிறு ஆட்சிப் பகுதிக்கும் தெற்கே ஆஸ்திரியர்களின் திரோலுக்கும் நடுவே கோடு எங்கே ஓடுகிறது என்று, நம் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள்: சுக்ஷ்பிட்ஸிலிருந்து கீழிறங்கி லோய்சாக் ஆற்றுப் பாலம் வரை. அதற்கு முன் 1536-இல் திருத்திய உடன்படிக்கையில் இந்த மலைக்குப் பெயரே இல்லை. 'ஷார்ட்டே', அதாவது முகட்டில் உள்ள வெட்டுப்பள்ளம் என்று மட்டும் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அதே இடத்துக்கு 'இப்போது சுக்ஷ்பிட்ஸ் எனப்படுவது' என்று விளக்கம் சேர்த்தார்கள். 1656-இன் எல்லை உடன்படிக்கையிலும் பெயர் வருகிறது. யாரும் உச்சிக்கு ஏறியதாகப் பதிவாவதற்கு முன்பே இத்தனையும் நடந்துவிட்டது. வெர்டன்ஃபெல்ஸ் அப்போது பவேரியாவின் (இன்று ஜெர்மனியின் தென்கோடி மாநிலம்) கையில் இல்லை என்பதையும் நினைவில் வைக்கவும். 1803 வரை அது ஃப்ரைசிங் ஆயருடைய சொத்து. ஆகவே 'ஜெர்மனி–ஆஸ்திரியா எல்லை மலை' என்பது இன்றைய பேச்சுதான்.

மழை நாளுக்கு ஏற்ற இடம் பார்ட்டன்கிர்ஷன் பக்கமுள்ள வெர்டன்ஃபெல்ஸ் அருங்காட்சியகம். உச்சியில் இருந்த அசல் தங்கச் சிலுவை இங்கேதான் இருக்கிறது. 1851-இல் கிறிஸ்டோஃப் ஓட் என்ற பாதிரியார் முயற்சி எடுத்துச் செய்ய வைத்தது. 4.88 மீட்டர் உயரம், 28 துண்டுகள், இரும்பின்மேல் தங்க முலாம். ஆளுக்கொரு சுமையாக மேலே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். 1945-இல் அமெரிக்கச் சிப்பாய்கள் அதைக் குறி வைத்துச் சுட்டுப் பழகியதில் துளை விழுந்தது. 1993-இல் பிரதியொன்றை மேலே நட்டுவிட்டு இதைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கார்மிஷும் பார்ட்டன்கிர்ஷனும் தனித்தனி ஊர்கள். 1936 குளிர்கால ஒலிம்பிக்குக்காக 1935-இல் ஒன்றாகச் சேர்த்தார்கள். நடுவே கோடு போட்டு எழுதும் பெயரைச் சுருக்கி வெறும் 'கார்மிஷ்' என்றால், பார்ட்டன்கிர்ஷன்காரர் முகம் மாறும்.

இரவுச் சாப்பாடு கேஸ்-ஷ்பேட்ஸ்லே. மாவு, முட்டை, தண்ணீர் கலந்த தளர்ந்த மாவைத் துளைத் தட்டு வழியாகக் கொதிநீரில் விழவைத்து, மிதந்து வந்ததும் அள்ளி, மலைச் சீஸோடு அடுக்கடுக்காகப் போட்டு, மேலே பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம். விலை 15 யூரோ, யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் கணக்குப் போடாமல் சாப்பிடுவது உத்தமம். சைவர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும், ஆனால் மலைச் சீஸ் பலவற்றில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பை நொதி சேர்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளவும். ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம். சீஸ் ஆறினால் கயிறாகிவிடும், சூட்டோடு முடிக்க வேண்டும்.

காலியாக இருக்கிறதே என்று மூலையிலுள்ள பெரிய மேஜையில் உட்கார வேண்டாம். 'ஷ்டாம்டிஷ்' என்று பித்தளைப் பலகை வைத்திருந்தால் அது ஊர்க்காரர்கள் தினமும் கூடும் இடம். மற்ற மேஜைகளில் யாராவது ஏற்கெனவே இருந்தாலும் 'இது காலியா?' என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் அமர்வது இங்கே சகஜம். கேட்காமல் உட்காருவதுதான் மரியாதைக் குறைவு.

செப்டம்பர் 10, ஐப்ஸே ஏரி. காலை மூட்டம், பதினொரு மணிக்கு மேல் வெயில்

மலையின் பெயர் பிறந்த இடத்தைப் பார்க்க உச்சிக்குப் போக வேண்டியதில்லை. ஐப்ஸே ஏரிக்கு வந்தால் போதும். ஏரி 973 மீட்டர் உயரத்தில், மலையின் வடக்குச் சுவருக்கு நேர் கீழே. ஏறக்குறைய 4,000 வருஷத்துக்கு முன் சுக்ஷ்பிட்ஸேயின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்து, அந்தப் பாறைக் குவியலின் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் இது. ஏரிக்குள் தெரிகிற சின்னச் சின்னத் தீவுகள் எல்லாம் அந்தச் சரிவில் உருண்டு வந்த மேடுகள். 'ஐபே' என்ற ஊசியிலை மரம் கரையில் நிறைய இருந்ததால் ஏரிக்கு இந்தப் பெயர். இன்று அந்த மரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சுற்றுப்பாதை ஏழரை கிலோமீட்டர், நின்று பார்த்து நடந்தால் இரண்டரை மணி. வடகரைக்குப் போய்த் தெற்கே திரும்பி நின்றால் மலை முழுக்கக் கண்ணுக்குள் வருகிறது. எல்லோரும் அங்கிருந்து உச்சியைப் படம் எடுக்கிறார்கள். கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தி, வெளிர்ப் பாறை முடிந்து காடு தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

அடர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழாகச் சில பட்டைகள் வெளிறித் தெரியும். அங்கே நெடிய மரம் ஒன்றுகூட இல்லை. புதர்போலப் படர்ந்த குட்டைப் பைன், ஆல்டர் செடி, புல், சரளைக் கல். குளிர்காலத்தில் மேலே சேரும் பனி, ஏறக்குறைய 30 முதல் 45 பாகை சாய்வுள்ள சரிவில் பிடி விட்டு இறங்கும்போது ஒவ்வொரு முறையும் இதே பள்ளத்தைத்தான் பிடித்து வருகிறது. விறைத்து நிற்கும் மரம் முறிந்துபோகும். தண்டு வளைந்துகொடுக்கிற குட்டைப் பைன் பனிக்கு அடியில் படுத்துக் கிடந்து, வசந்தத்தில் எழுந்துகொள்ளும். இந்தத் தடத்துக்குத்தான் இங்குள்ளவர்கள் பேச்சில் 'சுக்'. இழு என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல். ரயிலுக்கும் அதே வேர்தான், அது பின்னால் வந்த உபயோகம். இத்தகைய தடங்களின் தலைப்பில் இருக்கும் உச்சி, சுக்ஷ்பிட்ஸ். மலையின் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான்.

இதற்குப் பக்கபலமாக நிற்பது ஏரியைச் சுற்றியுள்ள நிலத்துண்டுகளின் பெயர்கள்: சுக், சுக்காஸே, சுக்ஷ்டிக், சுக்மேஸெல், சுக்வாங்கெல். 'காஸே' என்றால் சந்து, 'மேஸெல்' என்றால் சிறு சதுப்பு. எல்லாம் மாடு மேய்த்தவரும் மரம் வெட்டியவரும் வைத்தவை. பனி இறங்கி நிற்கும் நிலம் எது என்பது அவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், உச்சி அல்ல. மலைக்குக் கீழிருந்து மேலே பெயர் ஏறியிருக்கிறது என்பதுதான் இந்த ஊரில் பார்க்கத் தகுந்த சங்கதி. கேபிள் கார் விளம்பரங்களில் இதற்கு இடமில்லை.

தடத்தின் ஓரத்துக்குப் போனால் இன்னொன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். சரிவில் நிற்கும் இளமரங்களின் அடிப்பகுதி நேராக எழும்பாமல், முதலில் பள்ளத்தாக்குப் பக்கம் வளைந்து, பிறகு நிமிர்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் பனிப்போர்வை மெல்ல நகர்ந்து அதைத் தள்ளுவதால் ஏற்படும் வளைவு. பக்கத்திலேயே இடுப்புயரத்தில் ஒரு பக்கப் பட்டை மட்டும் உரிந்த பெரிய மரம் ஒன்று. மலையை நோக்கிய பக்கம்தான் காயம், மறுபக்கம் பட்டை முழுசு. சரிவு அங்கே ஓரமாய் உரசிப் போயிருக்கிறது.

பழைய ஏடுகளில் மலை ஆண்பால், 'தெர் சுக்ஷ்பிட்ஸ்'. கடைசி 'ஏ' சேர்ந்து பெண்பாலாக 'தீ சுக்ஷ்பிட்ஸே' ஆனது 1836-இல் அச்சான வரைபடத்தில்தான் முதலில் தெரிகிறது. ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடும் பெரியவர் இன்னும் பழைய வடிவத்திலேயே சொன்னார். அவர் சொல்வது காதில் விழ, முதலில் 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கமில்லாமல் நேரே விலை கேட்டால் பதிலும் அதே சுருக்கத்தில்தான் வரும்.

கழிவறைக்குச் சில்லறை, நிறுத்துமிடத்துக்குத் தனிக் கட்டணம். காரில் வருகிறவர்கள் ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும், பிறகு இடம் கிடைக்காது. தண்ணீர் வெயிலில் பச்சைக் கண்ணாடியாய் மின்னுகிறதே என்று குதித்தவர்கள் அதைவிட வேகமாக வெளியே வந்தார்கள்.

செப்டம்பர் 11, உச்சி. மேலே உறைநிலை, இரவில் புதுப்பனி

மேலே போக ஜெர்மன் பக்கம் இரண்டு வழி. ஒன்று பல்சக்கர ரயில், மற்றது ஐப்ஸேயிலிருந்து நேராகச் செல்லும் கேபிள் கார். ஒரே சீட்டில் இரண்டும் அடங்கும், சுமார் 75 யூரோ. வாங்குமுன் கவுண்டருக்கு மேலே ஓடும் நேரலைத் திரையைப் பார்க்கவும். அதில் வெள்ளைச் சுவர் தெரிந்தால் மேலேயும் வெள்ளைச் சுவர்தான். 'போகப் போகத் தெளியும்' என்ற நம்பிக்கைக்கு இங்கே 75 யூரோ விலை.

ரயிலில் ஏறி, கேபிள் காரில் இறங்குவது நல்லது. கேபிள் கார் பத்து நிமிஷத்தில் 1,945 மீட்டர் தூக்கிவிடும், காது அடைக்கும், சிலருக்கு மேலே போனதும் தலை கிறுகிறுக்கும். ரயில் ஐப்ஸேயிலிருந்து முக்கால் மணி நேரம் எடுப்பதால் உடம்பு பழகிக்கொள்கிறது. சளி பிடித்த குழந்தையைக் கேபிள் காரில் ஏற்றி வீரிட வைத்த ஒரு குடும்பத்தை மேலே பார்க்க நேர்ந்தது. கைக்குழந்தைக்கு ஏற்றத்திலும் இறக்கத்திலும் பால் புட்டி கொடுத்தால் காதடைப்பு குறையும்.

ரயில் 1928-இல் தொடங்கி 1930-இல் முடித்த வேலை. கார்மிஷிலிருந்து 19 கிலோமீட்டர். க்ரைனாவில் பல்சக்கரம் பிடிக்கிறது. செங்குத்தான இடங்களில் நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். ரிஃபெல்ரிஸ் நிறுத்தத்துக்கு மேல் குகை. நாலரை கிலோமீட்டர் வெறும் இருட்டு, ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்ளத் தேவையில்லை. வண்டி நிற்கும் இடம் 'ப்ளாட்' எனப்படும் கல்மேடு, 2,588 மீட்டர்.

இங்கே அரை மணி நேரமாவது இருந்துவிட்டு மேலே போகவும். எதிரே தெரிவது வடக்கு ஷ்னேஃபெர்னர் பனியாறு. அதன் தெற்குத் துண்டை 2022-இல் பவேரிய அறிவியல் கழகம் பனியாறுகள் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. நகருகிற அளவுக்கு அதில் பனி இல்லை. வெளியே சரளையும் அழுக்குப் பனியும்தான், 'ஆல்ப்ஸ் பனிப்படலம்' என்று கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். சிறிய கல் தேவாலயம் ஒன்று உண்டு. 1981-இல் அதை அர்ச்சித்தவர் அப்போது மியூனிக் பேராயராக இருந்த ராட்ஸிங்கர், பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் போப்.

சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பெரிய கட்டடம் ஷ்னேஃபெர்னர்ஹவுஸ், இப்போது சுற்றுச்சூழல் ஆய்வு நிலையம், முன்பு ஹோட்டல். 1965 மே 15 அன்று மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள்மேல் மேலிருந்து பனிச்சரிவு இறங்கியது. பத்துப் பேர் இறந்தார்கள். மே மாதம், வெயில் காயும் கூட்டம். மலையின் பெயர் பழைய கதை என்று நினைக்கிறவர்கள் அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். வெயில் ஏறி மேல்பனி ஈரத்தில் கனத்துப்போகும் வசந்தகாலம், குளிர்காலத்தைவிடச் சாது என்று சொல்லிவிட முடியாது.

ப்ளாட்டிலிருந்து சின்னக் கேபிள் கார் உச்சியில் விடுகிறது. உச்சி என்று சொல்வதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்ல வேண்டும். முதலில் மூன்று முகடுகள் இருந்தன. நடுமுகடு 1930-ஐ ஒட்டிக் கேபிள் கார் நிலையத்துக்குப் பலியானது. மேற்கு முகட்டை 1938-இல் ராணுவ விமானக் கட்டுப்பாட்டு அறை கட்டுவதற்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள், அந்த அறையைக் கட்டவேயில்லை. கிழக்கு முகடு மட்டும் மிச்சம், அது முழுக்க ஜெர்மன் மண்ணில் இருக்கிறது. 1820 ஆகஸ்ட் 27-இல் பவேரிய நில அளவை வேலையாக வந்த லெப்டினன்ட் யோசெஃப் நவுஸ் முதலில் ஏறி நின்றது மேற்கு முகட்டில். அவர் நின்ற இடம் இன்று இல்லை.

எஞ்சிய முகட்டுக்குப் பார்வைத் தளத்திலிருந்து இரும்பு ஏணியும் கம்பிக் கயிறும் போட்ட குறுகிய வழி, பத்துப் பதினைந்து நிமிஷம். தூரம் ஒன்றுமில்லை, ஆபத்து காலணியில் இருக்கிறது. இன்று பாறைமேல் விரல் கனத்துக்குப் புதுப்பனி. வழவழ அடியுள்ள ஸ்னீக்கருடன் ஏறியவர்கள் பாதி ஏணியில் உறைந்து நின்று, முன்னும் பின்னும் வரிசையை அடைத்துவிட்டார்கள். இறங்கும்போது முகத்தைப் பாறைப் பக்கம் வைத்து, ஏணியில் இறங்குவது போலவே கடைசி வரை இறங்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தபடி இறங்கினால் குதிகால்தான் முதலில் வழுக்கும். மெல்லிய கையுறை வேண்டும், கம்பி கையைச் சுடுகிற அளவுக்குக் குளிர். இடி உறுமினால் அந்த இரும்புப் பக்கமே போகக் கூடாது. இந்த உச்சியின் வானிலை நிலையம் 1900 முதல் வேலை செய்கிறது, 1940 பிப்ரவரி 14-இல் மைனஸ் 35.6 டிகிரி பதிவாகியிருக்கிறது.

பார்வைத் தளத்துக்குள்ளேயே எல்லை ஓடுகிறது. ஒரு பக்கம் பவேரியப் பலகை, பத்து எட்டு நடந்தால் திரோலின் கழுகுச் சின்னம். ஒரு காலத்தில் இங்கே பாஸ்போர்ட் பார்த்து முத்திரை குத்தினார்கள். திரோல்காரர்கள் கேபிள் காரை 1926-இலேயே ஓட்டிவிட்டார்கள், பவேரியாவுக்கு நாலு வருஷம் முந்தி. 1933-இல் ஹிட்லர் அரசு ஆஸ்திரியா போகும் ஜெர்மானியருக்கு ஆயிரம் மார்க் கட்டணம் விதித்தபோது, அடுத்த பலகைக்கு நடப்பதும் அயல்நாட்டுப் பயணம்தான். 1936 வரை அந்தத் தடை இருந்தது. உயரத்தில்கூடச் சின்னப் பிணக்கு உண்டு. ஜெர்மனி ஆம்ஸ்டர்டாம் கடல் மட்டத்தை வைத்து அளக்கிறது, ஆஸ்திரியா திரியெஸ்தே துறைமுகத்தை வைத்து. இரண்டுக்கும் ஒரு சாணுக்குச் சற்று மேல் வித்தியாசம்.

ஆஸ்திரியப் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசெஃப், பவேரிய இளவரசி சிஸியைக் கல்யாணம் செய்தபோது மலையைப் பவேரியாவுக்குச் சீராகக் கொடுத்தார் என்றொரு கதை மேலே தவறாமல் காதில் விழும். எல்லை உடன்படிக்கைகள் அந்தக் கல்யாணத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருஷமும் அதற்கு மேலும் மூத்தவை. கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பாடு: மியூன்ஷ்னர் ஹவுஸ் என்ற 1897-இன் மலைக்குடில் உச்சியிலேயே இருக்கிறது. சூப், தொத்திறைச்சி, கேக். தேநீர் சூடாக இருக்காது, தண்ணீரே இங்கே 90 டிகிரிக்குக் கொதித்துவிடுவதால் இலை சரியாக இறங்குவதில்லை. காபியே மேல். பையில் கொண்டுவந்த சிப்ஸ் பொட்டலம் பந்தாக உப்பும், பல்லால் கிழித்தால் முகத்தில் வெடிக்கும், கத்திரியோ சாவியோ வைத்துக் கிழிக்கவும்.

இறங்கும்போது கவனம் வேண்டியது ஒன்று. இரு நாட்டுக் கேபிள் கார்களும் ஒரே தளத்திலிருந்து புறப்படுகின்றன. ஒரு பக்கச் சீட்டு மறுபக்கம் செல்லாது. வரிசை குறைவாக இருக்கிறதே என்று திரோல் பக்கம் போய் நின்ற இரண்டு பேரைக் கதவருகே திருப்பி அனுப்பினார்கள். புதிதாக வாங்கி இறங்கினாலும் திரோல் பக்கக் கீழ் நிலையமான ஓபர்மோஸில் பஸ் பிடித்து, ஏர்வால்டில் ரயில் மாறி, காரை விட்ட ஐப்ஸேக்குப் போய்ச் சேர அரை நாள் போய்விடும். கடைசி வண்டி பருவத்துக்குப் பருவம் மாறும், மாலை ஐந்துக்கு முன் முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

ஐப்ஸே கேபிள் கார் 2017 டிசம்பரில் திறந்தது. மொத்த வழிக்கும் ஒரே தூண், 127 மீட்டர். அதற்கு மேல் 3,213 மீட்டருக்குக் கயிறு தாங்கலே இல்லாமல் தொங்குகிறது. இறங்கும்போது பின்பக்கம் நின்று கீழே பார்க்கவும். நேற்று ஏரியிலிருந்து பார்த்த வெளிர்ப் பட்டைகள் மேலிருந்து கை விரல்களாக விரிகின்றன, ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் விசிறிபோல் கல் பரந்து கிடக்கிறது. மேலே கிண்ணம் போன்ற குடைவு ஒன்று, பெயர் 'பவேரியப் பனிக்குடைவு'. முகட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று, 'ஆஸ்திரியப் பனிக்குடைவு'. பனிக்குக்கூடக் குடியுரிமை எழுதி வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 12, தோர்லென் வழியே நடந்து ஏர்வால்ட். வடக்கே மேகம், தெற்கே வெயில்

1590 எல்லையைக் காலால் அறிய விரும்புகிறவர்களுக்கு இந்த வழி. ஐப்ஸேயிலிருந்து தோர்லென் என்ற தாழ்ந்த கணவாயைக் கடந்து திரோலில் இறங்குவது. ஏற்றம் 500 மீட்டர் அளவில்தான். ஹோக்தோர்லே குடிலுக்கு (1,459 மீட்டர்) இரண்டு, இரண்டரை மணி. அங்கிருந்து ஏர்வால்டுக்கு ஒன்றரை மணி. கயிறோ கம்பியோ தேவையில்லை. மழைக்கு மறுநாள் என்றால் ஸ்ப்ரூஸ் வேர்கள் சோப்பாக வழுக்கும், கைத்தடி இருந்தால் முழங்காலுக்கு நல்லது.

எல்லை எங்கே என்று தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். பாசி படிந்த எல்லைக்கல், மாட்டுவேலி, ஒரு மரக்கதவு. கதவைத் திறந்து போனால் திரும்பச் சாத்திக் கொக்கி மாட்ட வேண்டும். அது நாட்டுக்காக அல்ல, மாட்டுக்காக. சாத்தாமல் போன சைக்கிள்காரரைப் பின்னால் வந்த ஓர் அம்மாள் கூப்பிட்டுத் திருப்பி வரவழைத்துச் சாத்த வைத்தார். கோபப்படவில்லை, பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதுவே போதுமாக இருந்தது. பசுக்கள் பாதையில் படுத்திருந்தால் சுற்றிப் போகவும். கன்று நடுவே இருந்தால் இன்னும் தள்ளி.

சரியாகக் கணவாயில் வானிலை மாறுகிறது. வடக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டிப் பவேரியப் பக்கம் மேகத்தைக் குவித்திருக்க, தாண்டினால் ஏர்வால்ட் பள்ளத்தாக்கு வெயிலில் காய்கிறது. தெற்கிலிருந்து 'ஃபேன்' (Föhn) எனப்படும் சூடான மலைக்காற்று அடித்தால் நிலைமை தலைகீழாகலாம். ஒரு பக்கத்தின் வானிலையை வைத்து மறுபக்கத்துக்குப் போர்வை கட்ட வேண்டாம், இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளவும். இங்கிருந்து மலையும் வேறு முகம் காட்டுகிறது. காட்டுப் பட்டைகளுக்குப் பதில் பள்ளத்தாக்கிலிருந்து எழும்பும் ஒற்றைச் சாம்பல் சுவர்.

திரோலில் இறங்கியதும் சாப்பாடு மலிவு என்று சொல்ல முடியாது, அளவு பெரிது. காஸ்ப்ரெஸ்-க்னேடல் சூப் கேட்டுப் பார்க்கலாம். காய்ந்த ரொட்டித் துண்டு, காரமான மலைச் சீஸ், முட்டை, பால், வதக்கிய வெங்காயம் பிசைந்து, வடை கனத்துக்குத் தட்டி, வெண்ணெயில் இருபுறமும் முறுகப் பொரித்து, சூப்பில் மிதக்க விடுகிறார்கள். உருண்டையில் இறைச்சி இல்லை, சூப் வழக்கமாக மாட்டெலும்புச் சாறு. மெனுவில் சைவக் குறி போட்டிருந்தாலும் சூப் எதில் செய்தது என்று தனியே கேட்கவும். அதே உருண்டையைச் சாலட்டோடு தரச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது.

பிறகு கைசர்ஷ்மாரன், 14 யூரோ. 20 நிமிஷம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், சொல்லாத இடத்தில் சூடுபண்ணிக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். முட்டை வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்து மாவில் மடித்து, கனமான இரும்புச் சட்டியில் வெண்ணெய் உருகியதும் இரண்டு விரல் தடிமனாக ஊற்றி, அடி சிவந்ததும் திருப்பி, இரண்டு முள்கரண்டியால் சட்டியிலேயே பிய்த்து, சர்க்கரை தூவி மறுபடி ஒரு பிரட்டு. ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. பவேரியாவில் பெரும்பாலும் ஆப்பிள் கூழ் வைத்தார்கள், இங்கே புளிப்பாக வேகவைத்த பிளம். பிளம்தான் பொருத்தம், அந்த இனிப்புக்குப் புளிப்பு வேண்டும்.

மலைக்குடில்களில் அட்டை வாங்காத இடங்கள் இன்னும் உண்டு, ரொக்கமாக 50 யூரோ வைத்திருந்தால் நிம்மதி. உயரம் ஏற ஏறப் பேச்சில் மரியாதைப் பன்மை குறைந்து, முன்பின் தெரியாதவரும் 'நீ' போட்டுப் பேசுவார்கள். அது உரிமை, அவமதிப்பு அல்ல.

செப்டம்பர் 13, ஏர்வால்ட்டிலிருந்து ரயில். தூறல்

ஏர்வால்ட்டிலிருந்து கார்மிஷுக்கு ரயில் அரை மணி நேரம், லோய்சாக் ஆற்றை ஒட்டியே போகிறது. வண்டிகள் அடிக்கடி இல்லை. ஒன்றை விட்டால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும், ஸ்டேஷனைச் சுற்றி உட்கார இடம் குறைவு.

எல்லை கடக்கும்போது செல்போன் நெட்வொர்க் மாறும். ஐரோப்பிய சிம் என்றால் செலவில்லை. இந்திய ரோமிங் திட்டத்தில் ஜெர்மனிக்கு மட்டும் போட்டு வந்தவர்கள், மலை உச்சியிலேயே ஆஸ்திரிய கோபுரம் பிடித்துப் பணம் போக வாய்ப்புண்டு. முந்தாநாளே டேட்டாவை அணைத்திருக்க வேண்டும்.

ஷெங்கன் பகுதிதானே, நாட்டுக்கு நாடு சோதனை இல்லையே என்று பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டு வரக் கூடாது. 2015 முதல் ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. இன்று க்ரீஸன் தாண்டியதும் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். மலையேற்றப் பையோடு இருந்த உள்ளூர்க்காரர்களை ஒரு தலையசைப்போடு விட்டுவிட்டு, நம் பக்கத்து முகங்களிடம் மட்டும் நின்று விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கைபேசியில் படம் இருக்கிறது என்று காட்டிய ஒரு மாணவரை அசல் எங்கே என்று கேட்டு, பெயரை எழுதிக்கொண்டு, கார்மிஷில் தங்களோடு இறங்கச் சொன்னார்கள். அடுத்த இணைப்பு ரயில் அவர் இல்லாமல் போய்விட்டது. அசல் பாஸ்போர்ட், தங்கும் அனுமதி அட்டை இரண்டும் பையின் மேல்பகுதியில் இருக்கட்டும், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு.